1:48

நீளம்: இரண்டு நிமிடம் பதினேழு விநாடி.
பதிவு: நியூவர்க், 1963 பிப்ரவரி, வியாழன் இரவு.
பாடியவர்கள்: தி பெலிண்டெட்ஸ்.
எழுதியவர்: வாரன் டில்.

கோப்பில் இவ்வளவுதான்.
உரிமைத்தொகை சரிபார்ப்பது என் வேலை.
பாட்டைக் கேட்பது அதில் சேராது.

பெலிண்டா, வாரன் டில்லின் மனைவி.
பெண்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை
அவர் கேட்கக்கூட இல்லையாம்.
ஒனீடா, வெர்டெல், வெர்டெலின் தங்கை க்ளாடெத்.
ஸ்பிரிங்ஃபீல்டு அவென்யூவில்
சலவைக்கடைக்கு மேலே
ஒரே மாடிப்படியில் வளர்ந்தவர்கள்.
தங்கைக்குப் பதின்மூன்று வயது.
ஒப்பந்தத்தில் பதினெட்டு.

பதிவுக்கூடம் முன்பு ஐஸ் கிடங்கு.
சுவருக்கு அந்த ஞாபகம் போகவில்லை,
கோட்டைக் கழற்றாமலே பாடினோம் என்று
தொலைபேசியில் சொன்னார் ஒனீடா.
எழுபத்தெட்டு வயதுக் குரல்.
நடுவில் ஒருமுறை பூனையை அதட்டினார்.

பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும்:
நாற்பத்தொன்றாம் எண் பஸ் இன்னும் வரவில்லை,
ஜன்னலில் பனி, அடுப்பில் பால்,
வா பேபி வா.
அறுபது வருடமாக அது காதல் பாட்டு.
சோப்புத்தூள் விற்றிருக்கிறது.
கல்யாணங்களில் மாமனார்களை ஆடவைத்திருக்கிறது.
போருக்குப் போன பையன்கள்
அதைக் கேட்டு அழுதார்கள் என்று
ஓர் இசைத்தட்டின் பின்னட்டை சொல்கிறது.

ஒனீடா எழுதியபோது அது மாமா.

(மாமா என்றால் அங்கே அம்மா.
நம் வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.)
அம்மாவுக்கு பல்பு தொழிற்சாலையில் ஷிஃப்ட்.
ஊருக்கெல்லாம் வெளிச்சம் சுற்றிக் கட்டிவிட்டு
இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பார்.
நேரமானால் மகளுக்கு வயிற்றைப் பிசையும்.
அதைத்தான் எழுதினாள்,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

வாரன் டில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.
அம்மாவுக்கு யார் காசு கொடுப்பான் என்றார்.

மாமா: நேர் நேர், தேமா.
பேபி: நேர் நேர், தேமா.
பள்ளியில் உருப்போட்ட யாப்பு
இத்தனை வருடம் கழித்து
இந்த மேசையில்தான் உதவியது.
தளை தட்டவில்லை. தாளம் தப்பவில்லை.
ஒரு பெண்ணை இறக்கிவிட்டு
ஒரு பையனை ஏற்றிக்கொண்டு
பஸ் போய்விட்டது.

மூவருக்கும் சேர்த்து நாற்பத்தைந்து டாலர்.
க்ளாடெத்துக்குக் கூடுதலாக
ஒரு ஜோடி காலுறை.

ஒன்பதாவது டேக்.
ஒரு நிமிடம் நாற்பத்தெட்டாவது விநாடியில்
கதவு திறக்கிறது.
ஷிஃப்ட் முடிந்து மகளைக் கூட்டிப்போக
வந்திருக்கிறார்.
பூட்ஸிலிருந்த பனியை
வாசலிலேயே உதறுகிறார்.
டப். டப்.
திரும்பப் பதிய
வாரன் டில்லிடம் நாடா இல்லை, பொறுமையும் இல்லை.

அந்த டப் டப்பைத்தான்
டிரம் வாசிக்கும் பிள்ளைகள்
தலைமுறை தலைமுறையாகப் பழகுகிறார்கள்.
எந்தக் குச்சி, எந்தத் தோல் என்று
சண்டைகூட உண்டு.

போன வருடம் பாட்டை வாங்கிய புது நிறுவனம்
இரைச்சல் நீக்கி, மெருகேற்றி வெளியிட்டது.
எடிசனில், ஒரு கடையில்,
உறைந்த பட்டாணிக்கு முன்னால் நின்றபடி கேட்டேன்.
கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்திருந்தேன்,
குளிர் கையில் ஏற ஏற எண்ணினேன்:
நாற்பத்தாறு. நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டு.
யாரும் வரவில்லை.
பேபியை மட்டும் மூன்று பெண்கள்
துல்லியமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோரிக்கையின் தன்மை என்ற இடத்தில்
ஆறு கட்டங்கள். எதிலும் இது அடங்காது.
குறிப்பு என்ற இடத்தில் தட்டினேன்:
1:48. கதவு. அம்மா வந்துவிட்டார்.

ஒனீடாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பூனை மட்டும் கேட்டது.
பிறகு சொன்னார்:
சரி. அது அம்மா விஷயம்.
பணமும் வேண்டும். அதையும் எழுது.